வாட்டம் இல்லாத தரை

அடிக் காங்கிரீட் போடும் நாளன்று காலையில் மேஸ்திரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், வாட்டம் எந்தப் பக்கம் கொடுக்கறது?" என்பதுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது தானாக வாசல் பக்கம் ஓடிவிட வேண்டும் என்பது நம் ஊர்க் கொத்தனார்களின் கையில் ஊறிப்போன வழக்கம். குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் அது மிக நல்ல வழக்கம். தச்சுப் பட்டறைக்கு அதைவிடக் கெடுதலான ஒன்று இல்லை. "வாட்டமே வேண்டாம் மேஸ்திரி, ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டார். இந்த அறைக்குள் தண்ணீரே வராது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று.

வாட்டத்தின் மேல் எனக்கு இத்தனை கோபம் வந்ததற்குக் காரணம் என்னுடைய பழைய பட்டறை. திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒன்பது ஆண்டுகள் மரவேலை செய்துவந்தேன். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சரித்துப் போட்ட மாடித் தளம் அது என்பதால், அறுக்கும் மேசையின் நான்கு கால்களில் இரண்டுக்கு எப்போதும் மரச் சக்கை வைத்தே நிறுத்த வேண்டியிருந்தது. மேசையை ஓர் அடி நகர்த்தினால் சக்கையின் கணக்கும் மாறிவிடும். சரிவோடு சூடும் சேர்ந்துகொண்டது. கத்திரி வெயில் நாள் ஒன்றில் பிற்பகல் இரண்டரை மணிக்கு லேசர் வெப்பமானியைக் கூரைத் தகரத்தின் உட்புறம் காட்டியபோது அது 61 டிகிரி என்றது. பசையைப் பலகையின் ஒரு முனையில் தடவத் தொடங்கி மறுமுனைக்குப் போவதற்குள், தொடங்கிய முனையில் ஏடு படிந்துவிடும். மார்கழியிலோ நிலைமை நேர்மாறாக இருக்கும். தெளிந்த வானத்துக்கு இரவெல்லாம் சூட்டை விட்டுக்கொடுத்துக் குளிர்ந்துபோன தகரத்தின் அடியில் விடியற்காலையில் நீர் முத்து முத்தாகத் திரண்டு, வார்ப்பிரும்பு மேசையின் மேல் சொட்டித் துருப்பிடிக்க வைக்கும்.

மரத்துக்கும் இது பொருந்தவில்லை. கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில் நான் ஒட்டி முடித்த பூவரச மேசைப் பலகை ஒன்று, பங்குனியில் நடு இணைப்பில் இரண்டங்குலத்துக்குப் பிளந்தது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது மரம் தன்னுள் ஏறத்தாழ 15, 16 சதவீத ஈரத்தை வைத்துக்கொள்கிறது. அதுவே 40 சதவீதக் காற்றில் 7, 8 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் பலகையின் அகலத்தில்தான் தெரியும். கால்சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டது என் பிழைதான் என்றாலும், நாள் முழுவதும் அடுப்பைப் போலக் காய்ந்துகொண்டிருந்த கொட்டகை அந்தப் பிழையை மன்னிக்கவில்லை.

எனவே, ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் 20 அடிக்கு 14 அடியில் ஒரு பட்டறை கட்டுவது என்று முடிவெடுத்தபோது, மூன்று விஷயங்களை மட்டும் தாளில் எழுதிக்கொண்டேன்: வெப்பத் தடுப்பு, ஜன்னல், தரை. காணொளிகளில் பார்த்த அமெரிக்க, ஐரோப்பியப் பட்டறைக்காரர்கள் அநேகமாக அந்த வரிசையிலேயே பேசுகிறார்கள். உள்ளே உண்டாக்கிய சூட்டை வெளியே விடாமல் காப்பது அவர்களுடைய கவலை என்பதால், அவர்களுக்கு அதுவே சரியான வரிசை. ஒரு வாரம் யோசித்த பிறகு நான் அதைத் தலைகீழாக மாற்றினேன். கூரைக்கு அடியில் ஒரு தடுப்புப் பலகையை ஐந்து வருடம் கழித்துக்கூட அடித்துக்கொள்ளலாம், ஜன்னலைச் சுவரை உடைத்து மாற்றலாம், ஆனால் முந்நூறு கிலோ இயந்திரங்கள் ஏறி நின்றுவிட்ட தரையை யாரும் மாற்றப் போவதில்லை.

தரையின் உயரத்தைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கும் என்பது தெரிந்ததால், அதற்கு மேல் ஓர் அடி விட்டு, மொத்தம் இரண்டடி உயர்த்தினோம். இயந்திரங்களை உள்ளே உருட்டிக்கொண்டு வர வாசலில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் வரும். உள்ளே கிராவல் மண்ணை ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசால் அடித்து இறுக்கினார்கள். மண்ணை இறுக்கி முடித்த கையோடு கரையான் மருந்தும் அடித்தாயிற்று. மரத்தையே நிரப்பி வைக்கப்போகும் அறைக்குக் கரையான் தடுப்பு இல்லாமல் தரை போடுவது, விருந்துக்கு இலை போட்டு வைப்பதற்குச் சமம். அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, அதற்கும் மேல் கம்பி வலை வைத்த நான்கங்குலக் காங்கிரீட். அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை வீண் செலவு என்று பலர் சொன்னார்கள். மண்ணின் ஈரம் காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். தரையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்த பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இங்கே மேலைநாட்டு முறையிலிருந்து முழுமையாக விலகிய ஓர் இடம் உண்டு. அவர்கள் தரைக்கு அடியிலும் வெப்பத் தடுப்புப் பலகை விரிக்கிறார்கள். நிலத்தின் சில அடி ஆழத்துக்குக் கீழே வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். திருச்சி வட்டாரத்தில் அது ஏறத்தாழ 28, 29 டிகிரி. காற்று 39 டிகிரியில் கொதிக்கும் மே மாதத்தில், காலுக்கு அடியில் பத்து டிகிரி குளிர்ந்த ஒரு பூமி இலவசமாகக் கிடக்கிறது. வெறுந்தரையில் பாயைக்கூட விரிக்காமல் மதியத்தில் படுத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த செய்தி. அந்தக் குளிர்ச்சிக்கும் எனக்கும் நடுவே தெர்மோகோலை வைக்க நான் விரும்பவில்லை.

மேல்பரப்புக்கு என்ன போடுவது என்பதில்தான் வீட்டில் விவாதம் நடந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று என் மனைவி சொன்னதில் தவறில்லை. ஆனால், டைல்ஸ் மேல் மெல்லிய மரத்தூள் படிந்தால் அது வழுக்குமரம்தான். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் நிற்பவன் வழுக்கக் கூடாது. தவிரவும், கனமான கிளாம்ப் ஒன்று கை நழுவி விழுந்தால் டைல் விரிந்துவிடும். ரெட் ஆக்சைடு தரையின் மேல் எனக்குப் பாட்டி வீட்டுப் பாசம் நிறைய உண்டு என்றாலும், அதன் பளபளப்பும் அதே வழுக்கலைத்தான் தரும். கோட்டா கல் உறுதியானது, ஆனால் அதன் இணைப்புகளில் சக்கரம் வைத்த இயந்திரங்கள் தடுக்கும். கடைசியில் நம் பள்ளிக்கூடங்களிலும் கிடங்குகளிலும் போடுகிற பழைய ஐ.பி.எஸ். (இந்தியன் பேட்டன்ட் ஸ்டோன்) சிமெண்ட் தரையே தேறியது. கூரை வேலை முடிந்த பிறகு, 40 மில்லிமீட்டர் கனத்தில், கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்த 15 கட்டங்களாக, ஒன்றுவிட்டு ஒரு கட்டமாகப் போட வேண்டும். சிமெண்ட் பால் ஊற்றி வழவழப்பாக்காமல், இரும்புக் கரண்டியால் இழுத்ததோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கட்டத்தின் மேல் எந்த இயந்திரம் நிற்கும் என்பதை இப்போதே வரைந்து வைத்திருப்பதால், அறுக்கும் மேசையின் கால் எதுவும் பட்டையின் மேல் உட்காராது.

சிமெண்ட் தரைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, விழுந்த உளியின் முனை போய்விடும். இரண்டு, நாள் முழுவதும் நின்றால் குதிகால் வலிக்கும். இரண்டுக்கும் சேர்த்து, வேலை மேசைக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைகளில் விரிக்கிற 17 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் விரிப்பைப் போட முடிவு செய்திருக்கிறேன். பட்டறைக்கென்றே விற்கும் விரிப்புகளின் விலையைப் பார்த்த பிறகு, மாடுகளுக்கு நல்லது நமக்கும் நல்லது என்ற தெளிவு பிறந்தது.

அறையின் நடுவில் நிற்கப்போகும் இயந்திரத்துக்கு மின்கம்பி தொங்காமல் இருக்க, காங்கிரீட்டுக்குள் ஒரு பி.வி.சி. குழாயைப் புதைத்தாயிற்று. மரத்தூள் உறிஞ்சும் நான்கங்குலக் குழாயையும் அதேபோலப் புதைத்துவிடலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். ஒரு துண்டுச் சீவல் நடுவழியில் மாட்டிக்கொண்டால் தரையைத்தான் உடைக்க வேண்டியிருக்கும் என்பது உறைத்ததும் அது சுவரோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காங்கிரீட் போட்ட மறுநாள், வெயிலில் வறண்டு வெடிக்காமல் இருக்க ஓரங்களில் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தேங்கி நிற்கும் நீரைவிட நேர்மையான ரசமட்டம் உலகத்தில் கிடையாது. ஓர் இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய், காற்று அடங்கியிருந்த விடியற்காலையில் நான்கு மூலைகளிலும் நீரின் ஆழத்தை அளந்தேன். 22 மில்லிமீட்டர், 23, மறுபடியும் 22, வாசலை ஒட்டிய மூலையில் மட்டும் 25. மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "கை பழக்கம் சார், அது கேக்காது" என்றார். 20 அடி நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பது மேல்பூச்சில் சரியாகிவிடும். ஆனாலும், வாட்டம் வேண்டாம் என்று அத்தனை முறை சொல்லியும் அந்தக் கை வாசலைத் தேடிப் போனதை நினைத்தால் எனக்கு எரிச்சலைவிட வியப்பே அதிகம்.

ஜன்னல் விஷயத்தில் நான் கிட்டத்தட்ட ஏமாந்திருப்பேன். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் ஒருபோதும் விழாது, ஆகையால் மரவேலைக்கு வடக்கு வெளிச்சமே சிறந்தது என்று படித்ததை வேதவாக்காக நம்பி, வடக்குச் சுவரில் ஒரே பெரிய ஜன்னலாக ஒன்பதடி அகலத்துக்கு வரைந்து வைத்திருந்தேன். அந்த விதி கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு உரியது, அதுவும் நண்பகல் வெயிலுக்கு மட்டும். திருச்சி கிட்டத்தட்ட 10.8 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சி வெயில் சரியாக நம் தலைக்கு மேல் வந்து, அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் உதயம் முதல் அஸ்தமனம் வரை அது வடபாதி வானத்தை விட்டு நகர்வதே இல்லை.

நண்பகல் வெயிலைச் சமாளிப்பது எளிது. ஜூன் 21 அன்றுகூடச் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 12, 13 டிகிரிதான் சாய்ந்திருக்கும் என்பதால், நான்கடி உயர ஜன்னலுக்கு ஓரடிச் சன்ஷேடு போதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழைக்காக அதை எப்படியும் இரண்டரை அடியாக நீட்டத்தான் போகிறேன். தொல்லை காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலில் இருக்கிறது. கிழக்கிலிருந்து 20 டிகிரிக்கு மேல் வடக்கே தள்ளி உதிக்கும் சூரியன், வேலை மேசைக்கு முன்னால் வடக்குப் பார்த்து நிற்பவனின் வலது கண்ணில் நேராகக் குத்தும். மேலே நீட்டும் சன்ஷேடு இதைத் தடுக்காது. ஜன்னலின் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் தடுப்புதான் தடுக்கும். ஒன்பதடி அகலமுள்ள ஜன்னலுக்கு அந்தத் தடுப்பு நான்கடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதே அகலத்தை மும்மூன்று அடியுள்ள மூன்று ஜன்னல்களாகப் பிரித்தால் ஒன்றேகால் அடி நீட்டிய கடப்பாக் கல் போதும். ஜன்னலுக்கு இரண்டு வீதம் ஆறு கற்கள், சுவர் எழும்பும்போதே செருகிக்கொண்டே போக வேண்டும்.

தெற்குச் சுவரில் அதே அளவில் இரண்டு ஜன்னல்கள் வரும். ஆக மொத்தம் 60 சதுர அடித் திறப்பு. உலர்ந்த வெப்பப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தக் கணக்குப்படி 28 சதுர அடியே போதும் என்றாலும், அறுபது வயதைத் தாண்டிய கண்ணுக்குப் பென்சில் கோடு தெரிய வேண்டும் என்பதை அந்தத் தொகுப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலின் அடிமட்டம் மூன்றரை அடி. வேலை மேசையின் உயரம் 34 அங்குலம் என்பதால், மேசையின் மேல் நிறுத்தி வைத்த சட்டங்கள் கண்ணாடியில் சாயாமல் சுவரில் சாயும்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வேண்டுமா என்று விலை கேட்கப் போன கடையில் வெகுவாக வற்புறுத்தினார்கள். குளிர்சாதனம் வைத்துப் பூட்டி வைக்கும் அறைக்கு அது பயன்படும். ஆடிக் காற்று வீசும் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யப்போகிறவனுக்கு, திறந்த ஜன்னலின் கண்ணாடி ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன? தள்ளுக் கதவு ஜன்னலும் வேண்டாம் என்றுவிட்டேன், ஏனென்றால் அது எப்போதும் பாதிதான் திறக்கும். இடித்த வீட்டுத் தேக்கு வாங்கி, முழுதாகத் திறக்கும் கதவுகளை நானே செய்துகொள்வதாகத் திட்டம். ஜன்னல் செய்யப் பட்டறை வேண்டும், பட்டறை முடிய ஜன்னல் வேண்டும் என்ற சிக்கலை என் மகன் சுட்டிக்காட்டிவிட்டான். அதுவரை தார்ப்பாய்தான்.

இனி வெப்பம். நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் எதிரி. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. என் கூரையின் பரப்பு 26 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 26 ஒரே நேரத்தில் கூரையின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். காங்கிரீட் தளம் போட்டால் அந்தச் சூட்டை அது பகலெல்லாம் குடித்துவிட்டு, நான் மாலை நாலரை மணிக்கு வேலைக்கு இறங்கும்போது தலைக்கு மேல் கொட்டத் தொடங்கும். பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தது இதைத் தணிக்கத்தான். ஆனால் பட்டறை ஒன்றுக்கு அத்தனை பாரமும் செலவும் தேவையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, துளையிடும்போது பறக்கும் நாருக்கு அஞ்சி, பேச்சிலேயே சேர்க்கவில்லை.

மிஞ்சியது இரும்புத் தகடும் அதற்கு அடியில் ஒரு தடுப்பும். பஃப் பேனல் என்று எல்லோரும் சொல்லும் பாலியூரித்தேன் நுரைப் பலகை, ஒரே கனத்துக்கு ஒப்பிட்டால் மற்றவற்றைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மை. ராக் வூல் அதே வேலையைச் செய்ய முக்கால் பங்கு கூடுதல் கனம் வேண்டும். இருந்தாலும் நான் ராக் வூலையே தேர்ந்தேன். மரத்தூளும் வார்னிஷும் சாணை பிடிக்கும் பொறியும் ஒரே அறைக்குள் இருக்கையில், எரிந்தால் நச்சுப் புகை விடும் பொருளைத் தலைக்கு மேல் வைக்க மனம் ஒப்பவில்லை. உருக்கிய பாறையை நூலாக இழுத்துச் செய்யும் ராக் வூல் தீப்பிடிக்காது. மரத்தில் பள்ளம் செதுக்கும் ரௌட்டர் கருவியின் அலறலையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும், அண்டை வீட்டாருக்கு அது நல்ல செய்தி.

ஆகவே, வெள்ளைப் பூச்சுள்ள கால்வால்யூம் (அலுமினிய-துத்தநாகக் கலவை பூசிய இரும்பு) தகடு, அதை ஒட்டி அடியில் அலுமினியத் தாள், பிறகு மூன்றங்குலக் காற்று இடைவெளி, அதற்குக் கீழே சிமெண்ட் ஃபைபர் போர்டின் மேல் விரித்த 75 மில்லிமீட்டர் ராக் வூல் என்று கூரை அமையும். அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி, இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஒரே வருடத்தில் தூசி படிந்து அது சாதாரணத் தாளாகிவிடும். தகட்டோடு ஒட்டி இடைவெளியே இல்லாமல் தடுப்பை அடித்துவிட்டாலும் அந்தப் பளபளப்புக்கு வேலையில்லை. இடைவெளியில் சூடாகும் காற்று முகட்டின் வழியே வெளியேற, வலை வைத்த திறப்பு இருக்கும்.

சுவர்களில் மேற்கு ஒன்றுதான் கவலைக்குரியது. உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் வைத்துக் கட்டலாம் என்று பலர் சொன்னார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அது செங்கல்லைவிடப் பல மடங்கு மேல், ஆனால் நாற்பது கிலோ கருவிப் பெட்டியைச் சாதாரணத் திருகாணியால் மாட்டினால் அந்த மென்மையான கல் பிடிப்பதில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே பொந்து விட்டுக் கட்டுவதால் கல்லும் மிச்சம், சூடும் குறைவு. மேஸ்திரிக்கு அதில் பழக்கமில்லை என்பதால் வற்புறுத்தவில்லை. சாதாரண ஒன்பதங்குலச் சுவரைக் கட்டிவிட்டு, அதன் மேற்கே நான்கடி அகலத்துக்கு ஒரு சாய்ப்பு இறக்கி, மரங்களை அங்கே அடுக்கப் போகிறேன். மாலை வெயில் அடுக்கிய வேம்பையும் வாகையையும் தாண்டித்தான் சுவரைத் தொட வேண்டும். மரத்துக்கும் காற்றோட்டமான நிழல் கிடைக்கும்.

இன்றைக்குச் சுவர் மூன்றரை அடிக்கு வந்து நிற்கிறது. வடக்குச் சுவரில் ஒரே ஜன்னலாகப் போட்டால் ஆறு கடப்பாக் கல்லும் மிச்சமாகுமே என்று மேஸ்திரி நேற்று மாலை மறுபடியும் சொன்னார். விளக்கிச் சொல்லாமல், காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். வந்தவரை வேலை மேசை வரப்போகும் இடத்தில் வடக்குப் பார்த்து நிற்க வைத்து, இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் போட்ட பலகையில் ஒரு கட்டையைக் கொடுத்து, பென்சிலால் அதில் கோடு போடச் சொன்னேன். கோடு போடக் குனிந்தவர் நிமிர்ந்து, வலது கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஆனி மாத வெயில் சுவரின் மேலாக ஏறி அவர் முகத்தில் பட்டிருந்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கல் அறுக்கும் பையனைக் கூப்பிட்டு, ஒன்றேகால் அடியா ஒன்றரை அடியா என்று என்னிடம் கேட்டார்.